பெட்டி ஒரு தடவைதான் கேட்டது

மனுஷனை நம்பினால் அடிக்கிறான், அதனால் பெட்டியை நம்புவோம் என்று சொல்லித்தான் எல்லாக் காவல் நிலையங்களிலும் இந்தப் பேசுகிற பெட்டியை வைத்தார்கள். தப்புச் சொல்ல முடியாது. பெட்டி வந்த நாளிலிருந்து கரட்டுப்பாளையம் ஸ்டேஷனில் யாரும் யார்மேலும் கைவைத்ததில்லை. லத்தி மூலையில் கிடந்து ஒட்டடை பிடித்தது. பிடித்துக்கொண்டு வந்த ஆளுக்கு நாற்காலி போட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். எதற்காகப் பிடித்திருக்கிறார்கள், வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், வாயைத் திறக்காமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குள்ள உரிமைகளைப் பெட்டி பொறுமையாக எடுத்துச் சொல்லும். அவன் சொன்ன பதிலைப் பதிந்துகொள்ளும். பதிந்தது பதிந்ததுதான், எந்தக் கொம்பன் வந்தாலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது.

இவ்வளவு நல்ல பெட்டி இருந்தும் ஜெயில் மட்டும் ஏன் நிரம்பி வழிகிறது என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. வக்கீல் சுலோச்சனாவுக்குப் பாதி விளங்கியது: பெட்டி கேட்டால் ஒருத்தரும் வக்கீல் வேண்டும் என்று சொல்வதில்லை. விளங்கி என்ன பண்ண?

சுலோச்சனா இலவச சட்ட உதவி வக்கீல். காசில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற வக்கீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டியாயிற்று. வலது முழங்கால் தேய்ந்துபோய், கோர்ட்டுப் படி ஏறினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. 'இந்தக் கேஸோடு என்னை விட்டுருங்க, இனிமேல் ஆகாது' என்று சட்ட உதவி அலுவலகத்தில் சொல்லிவிட்டாள். இந்தக் கேஸ் என்பது நாச்சிமுத்து கேஸ்.

நாச்சிமுத்து ஒரு நூல் குடோனுக்கு வாட்ச்மேன். அறுபதை நெருங்குகிற ஆள், யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டார். குடோனில் தீப்பிடித்தது. எல்லோரும் முன்வாசல் வழியாக ஓடிவந்துவிட்டார்கள். மல்லேஸ்வரி என்று மலைப்பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண் மட்டும் பின்பக்கம் மாட்டிக்கொண்டாள். பின்கதவு பூட்டிக் கிடந்தது. பூட்டின சாவி நாச்சிமுத்துவின் இடுப்பில் இருந்தது.

"உன்ற ஆளு பெட்டி முன்னால எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு சுலோ. இனி என்னத்தப் பேசப் போற?" என்று கேட்டான் தாமோதரன். அவன் அரசுத் தரப்பு வக்கீல். சட்டக் கல்லூரியில் இவளோடு படித்தவன். கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

"நாந்தான் கொன்னுட்டேன்னு சொன்னாரு. எழவு வீட்டுல அழுகறவங்க எல்லாருந்தான் அப்படிச் சொல்லுவாங்க. அது ஒப்புதலாடா?"

"வக்கீல் வேண்டாம்னு சொல்லிட்டுச் சொன்னா ஒப்புதல்தான். பழைய சட்டத்துல போலீசுகிட்டச் சொன்னது கோர்ட்டுல செல்லாது. ஏன்? அடிச்சு வாங்கிருப்பான்னு பயம். இப்பத்தான் அடியே இல்லியே. பெட்டி எல்லாத்தையும் சொல்லி, வேணுமான்னு கேட்டு, அந்தாளு வேண்டாம்னுட்டாரு. அப்பறம் சொன்னது அத்தனையும் செல்லும்."

"ஒருத்தருமே வேணும்னு சொல்றதில்லியே, அது உனக்குத் தப்பாத் தெரியலியா?"

தாமோதரன் டீயை ஊதினான். அவனுக்கும் அலுப்புதான். "மொதல்ல எல்லாரும் கேட்டுட்டுத்தான் இருந்தாங்க. அப்ப பெட்டி செந்தமிழ்ல பேசும். 'தங்களுக்கு வழக்கறிஞர் தேவையா? ஆம் அல்லது இல்லை எனக் கூறவும்.' பயந்துபோயி ஆம் ஆம்னு கத்துவாங்க. அப்பறம் எவனோ ஒரு புண்ணியவான், பெட்டி சனங்களை வெரட்டுது, அந்தந்த ஊர்ப் பேச்சுல அன்பாப் பேசணும்னு மனுப் போட்டான். மாத்துனாங்க. இப்ப 'ஏனுங்க, ஒரு வக்கீல் வெச்சுத் தரட்டுங்களா'ங்குது. அன்னையிலிருந்து ஒரு பய வேணும்னு வாயைத் தொறக்கறதில்ல."

"அன்பாக் கேட்டதாலயா?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன பெட்டி செஞ்சவனா? டீக்குடி, ஆறுது."

சுலோச்சனாவிடம் ஒரே ஒரு சீட்டுதான் கையில் இருந்தது. ஸ்டேஷனில் பெட்டி, "ஏனுங்க, ஒரு வக்கீல் வெச்சுத் தரட்டுங்களா? காசு ஒண்ணும் ஆகாதுங்க" என்று கேட்டபோது நாச்சிமுத்து சொன்ன பதில், "அட, இருக்கட்டுங்க." பெட்டி அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டது. ஆனால் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும் என்றும் அர்த்தம் உண்டே! வக்கீல் கூட இருக்கட்டும் என்றுதான் என் கட்சிக்காரர் சொன்னார் என்று அடித்துப் பேசலாம். நாச்சிமுத்து கோர்ட்டில் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், வாக்குமூலம் குப்பைக்குப் போய்விடும். வாக்குமூலம் செல்லும் என்றாகிவிட்டால் மனுஷன் ஜெயிலிலேயே சாக வேண்டியதுதான்.

ஜெயிலில் போய் அவரைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப்பக்கம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"நாச்சிமுத்தண்ணா, நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. இருக்கட்டும்னு சொன்னீங்கள்ல? வக்கீல் கூட இருக்கட்டும்னுதானே சொன்னீங்க?"

அவர் நல்ல மனுஷன், யோசனை பண்ணச் சொன்னதால் நிஜமாகவே யோசனை பண்ணினார். "இல்லீங்க வக்கீலம்மா. வேண்டாம்னுதானுங்க சொன்னேன்."

"அட கடவுளே, ஏன்?"

"கேட்ட ஒடனே ஆமா வேணும்னு சொன்னா நல்லாவா இருக்குதுங்க? ஒரு வீட்டுக்குப் போறோம். காப்பி குடிக்கறீங்களான்னு கேக்கறாங்க. ஒடனே கொண்டாங்கன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? இருக்கட்டுங்க, இப்பத்தான் குடிச்சேன்னுதான் சொல்லோணும். அப்பறம் அவங்க மறுக்காக் கேப்பாங்க. மறுக்காக் கேட்டா, சரி குடுங்கன்னு வாங்கிக்கறது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "மறுக்காக் கேக்கும்னு பாத்துட்டே இருந்தனுங்க. அந்தப் புள்ள கேக்கவேயில்ல."

"அது புள்ளையில்லீங்கண்ணா, பெட்டி."

"தெரியுதுங்க. கொரலு புள்ளையாட்டத்தானே இருந்துச்சு?"

சுலோச்சனாவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரே ஏன் ஜெயிலில் கிடக்கிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. எத்தனையோ பேர் இப்படித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி கேட்கும் கேட்கும் என்று காத்துக்கொண்டிருந்திருப்பார்கள். பாவிகள்.

"பின்கதவைப் பூட்டச் சொன்னது யாரு?"

"மொதலாளிங்க. நூலு வெளிய போயிருதுன்னு எப்பவும் பூட்டியே வெக்கச் சொல்லுவாரு."

"இதை ஏண்ணா ஸ்டேஷன்ல சொல்லல?"

"அதை யாருங்க கேட்டாங்க? பூட்டுனது யாருன்னு இன்ஸ்பெக்டரு கேட்டாரு. நாந்தான்னு சொன்னேன். அப்பறம் மல்லேஸ்வரி நெனப்பு வந்து அழுதுட்டனுங்க. நாந்தானுங்க அவளைக் கொன்னது. இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்திருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்க வைத்திருப்பான். முதலாளி வெளியே சுற்றிக்கொண்டிருக்க மாட்டார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. கோர்ட்டுல ஐயா கேட்டா, வக்கீல் கூட இருக்கட்டும்னுதான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அப்படிச் சொல்லலீங்களே வக்கீலம்மா."

"அண்ணா..."

"ஒரு புள்ள வெந்து செத்திருக்குதுங்க. அதுக்கு மேல நான் பொய்யும் சொல்லோணுங்களா?"

சுலோச்சனா அந்தப் பேச்சை அதோடு விட்டாள். இருக்கிற நேரத்தில் வேறு ஏதாவது உருப்படியாகச் செய்வோம் என்று நினைத்தாள்.

"இங்க பாருங்கண்ணா. வக்கீலுங்கறது உபசாரத்துக்குக் குடுக்கற காப்பி இல்ல. அது உங்களுது. உங்க வீட்டுக் கெணத்துல தண்ணி எறைக்க நீங்க ஊரைக் கேப்பீங்களா? இனி யாராச்சும் கேட்டா, வேணும்னு நெஞ்சை நிமித்திச் சொல்லோணும். எங்க, ஒருக்காச் சொல்லுங்க."

"வேணுமுங்களா?"

"'ங்களா'வெல்லாம் வேண்டாம். வேணும்."

"வேணும்னா... பாத்துக்கலாமுங்க."

"அண்ணா!"

"வாயில வரமாட்டேங்குதுங்க," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. பந்தியில் ரசம்கூடக் கேட்டு வாங்கியதில்லையாம். சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, நல்லவேளை இதோடு முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விசாரணை நாளன்று காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். கோர்ட் ஹாலில் வக்கீல்களுக்கு நாற்காலி பற்றாது, இருந்த ஒன்றிலும் ஒரு கர்ப்பிணி ஜூனியர் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு வேளைக்குப் பிறகுதான் நாச்சிமுத்து கேஸைக் கூப்பிட்டார்கள். நீதிபதி குணசீலன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் கோர்ட்டுப் பெட்டி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. ஸ்டேஷனில் இருப்பதும் இதுவும் ஒரே பெட்டிதான், ஒரே குரல்தான்.

தாமோதரன் சுருக்கமாக முடித்தான். இருக்கட்டும் என்றால் வேண்டாம். தமிழ் பேசுகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே வேண்டாம் என்றவருக்கு வலியப் போய் உரிமையைத் திணிக்க முடியாது.

சுலோச்சனா எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். ஆனால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இருந்த ஒரு சீட்டையும் கட்சிக்காரர் கிழித்துப் போட்டுவிட்டார். வலி தாங்காமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி அதைப் பார்த்துவிட்டார்.

"அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுப்பா. உட்கார்ந்துக்கிட்டே பேசுங்கம்மா."

"இருக்கட்டுங்கய்யா."

"அட, பரவாயில்ல. உட்காருங்க."

"சரிங்கய்யா," என்று உட்காரப் போனவள் பாதியில் அப்படியே நின்றுவிட்டாள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அது நாற்காலி ரூபத்தில் வந்திருந்தது.

"ஐயா, நான் இப்ப என்னங்க சொன்னேன்?"

"எப்போ?"

"நாற்காலி போடச் சொன்னீங்க. இருக்கட்டுங்கய்யான்னேன். பெட்டி கணக்குப்படி பாத்தா, எனக்கு நாற்காலி வேண்டாம். நாற்காலியை எடுத்துட்டுப் போயிருக்கோணும். நான் நின்னே செத்திருக்கோணும். ஆனா நீங்க மறுக்காச் சொன்னீங்க. ஏன்னா நீங்க மனுஷருங்க. முதல்ல சொல்ற வேண்டாம் மரியாதைக்குச் சொல்றதுன்னு உங்களுக்குத் தெரியும். பந்தியில இலைக்கு மேல கையை மறைச்சா, பரிமாறுறவரு போயிடறாரா? கையை ஒதுக்கிட்டு ஒரு கரண்டி வெச்சுட்டுத்தானுங்க போறாரு! எங்க சனங்க பெட்டிகிட்டயும் இலையை மறைக்கறாங்க. பெட்டி வாளியைத் தூக்கிட்டு அடுத்த பந்திக்குப் போயிருதுங்க."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். தாமோதரன் எழுந்தான். "மரியாதை, உபசாரமெல்லாம் சட்டத்துல இல்லீங்கய்யா."

"தாமோதரன்," என்றார் நீதிபதி, "போன வாரம் பார் அசோசியேஷன் விழாவுல உங்க தட்டுல ஜிலேபி வைக்கச் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

தாமோதரன் காலைப் பார்த்தான். "வேண்டாம்னேங்கய்யா."

"அப்புறம் எத்தனை தின்னீங்க?"

அவனைப் பதில் சொல்ல விட்டால்தானே, அத்தனை பேரும் சிரித்தார்கள். நாச்சிமுத்து மட்டும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் எல்லாரையும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேம்மா. ரெண்டாம் தடவை சொல்றது மட்டும் உண்மைன்னு நான் எப்படி நம்பறது? மூணாம் தடவை கேக்கணும்னு நாளைக்கு இன்னொரு வக்கீல் வருவார்."

"வரமாட்டாங்கய்யா. எங்க ஊர்ல மொதத் தடவை சொல்றது மரியாதைக்கு. ரெண்டாந்தடவை சொல்றது நெசம். ரெண்டாந்தடவை யாரும் பொய் சொல்லமாட்டாங்க. அதுக்கு நான் உத்தரவாதம்."

"சரி," என்று உத்தரவு சொன்னார் நீதிபதி. இனிமேல் பெட்டி யாரிடம் எதைக் கேட்டாலும் இரண்டு தடவை கேட்க வேண்டும். இரண்டாம் தடவை சொல்வதுதான் பதில். நாச்சிமுத்துவை இப்போதே இங்கேயே மறுபடி கேட்கலாம். வேண்டும் என்றால் பழைய வாக்குமூலம் ரத்து, வக்கீலை வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். வேண்டாம் என்றால் பழைய வாக்குமூலமே செல்லும். சொல்லி முடித்ததும் பெட்டியின் விளக்கு இரண்டு முறை மினுக்கியது, உத்தரவை வாங்கிக்கொண்டது என்று அர்த்தம்.

சுலோச்சனா நாச்சிமுத்துவைப் பார்த்தாள். வேணும், வேணும் என்று உதட்டை அசைத்துக் காட்டினாள், பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற தாயைப்போல.

"ஏனுங்கண்ணா," என்றது பெட்டி. அடேயப்பா, என்ன ஒரு கனிவு! "உங்களுக்கு ஒரு வக்கீல் வெச்சுத் தரட்டுங்களா?"

"அட, இருக்கட்டுங்க," என்றார் நாச்சிமுத்து.

சுலோச்சனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மறுக்காக் கேக்கறனுங்க. வக்கீல் வேணுமுங்களா, வேண்டாமுங்களா?"

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. அத்தனை நாள் காத்திருந்த கேள்வி வந்துவிட்டதே. துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்துத் தோளில் போட்டார். வாயைத் திறந்தார். அப்போதுதான் பாழாய்ப்போன அவருடைய கண், மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிற சுலோச்சனா மேல் விழுந்தது. நாற்காலி பின்னால் இருந்தும் அவள் இன்னும் உட்காரவே இல்லை.

"அந்த அம்மிணிக்குச் சிரமமில்லைன்னா," என்றார், "வேணுமுங்க."

வேணும் என்று சொல்லிவிட்டார்! ஆனால் பெட்டியின் விளக்கு மஞ்சளாகிவிட்டது. "ஒரு நிபந்தனை சொல்லியிருக்கறாருங்க. அதைத் தெரிஞ்சுக்காம எழுத முடியாதுங்க." பெட்டி சுலோச்சனா பக்கம் திரும்பவில்லை, அதற்குத் திரும்ப முகமில்லை. குரல் மட்டும் அவள் பக்கம் வந்தது. "ஏனுங்க வக்கீலம்மா, உங்களுக்குச் சிரமமுங்களா?"

முப்பது வருஷ வக்கீல் தொழிலில் இந்தக் கேள்வியை அவளிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. கட்சிக்காரர்கள் கேட்டதில்லை, சட்ட உதவி அலுவலகம் கேட்டதில்லை, வீட்டிலும் கேட்டதில்லை. வாய் தன்பாட்டுக்குப் பழக்கப்பட்டதைச் சொன்னது.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"மறுக்காக் கேக்கறனுங்க," என்றது பெட்டி.

சுலோச்சனா நீதிபதியைப் பார்த்தாள். அவர் கையை விரித்தார், நீ கேட்டு வாங்கின உத்தரவுதானே என்பதுபோல.

"உங்களுக்குச் சிரமமுங்களா?"

இது மரியாதைக்குக் கேட்கிற கேள்வி இல்லை. சிரமம்தான். கால் சிரமம், படி சிரமம், முதலாளி வைக்கப்போகிற பெரிய வக்கீல்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுவது சிரமம். இன்றோடு விட்டுவிடலாம் என்ற ஒரே ஆசையில்தான் அவள் இந்த ஒரு மாதத்தைத் தள்ளியிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவை யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று சற்றுமுன்தான் இதே கோர்ட்டுக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறாள்.

"இல்லை," என்றாள் சுலோச்சனா. எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "எனக்குத் துளிகூடச் சிரமமில்லை."

"எழுதிக்கிட்டனுங்க," என்றது பெட்டி. விளக்குப் பச்சையானது.

அவளைக் கல்லூரியிலிருந்து தெரிந்த தாமோதரன் தலையைக் குனிந்துகொண்டான். நீதிபதி ஏதோ எழுதுவதுபோல எழுதினார். நாச்சிமுத்து மட்டும் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, நிம்மதியாகச் சிரித்தார். அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். இரண்டாம் தடவை கேட்டுச் சொன்னதாயிற்றே.